திடீர்த் தந்தையைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்கள் ஏன் ஒரே அச்சில் இருக்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எதிர்பாராமல் தந்தையாகிவிடும் ஆணைப் பற்றிய நகைச்சுவைத் தொலைக்காட்சிப் படங்கள் சிலவற்றை அடுத்தடுத்துப் பார்த்தேன். வாசலில் குழந்தை, டயபர் மாற்றத் தெரியாத நாயகன், உதவிக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டுப் பெண், கடைசியில் நீதிமன்றம் அல்லது கல்யாணம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பது ஏன்? இவற்றில் பார்க்கத் தகுந்ததை எப்படி அடையாளம் காண்பது?"

ஒரே அச்சு என்பது உண்மைதான். ஆனால் அந்த அச்சைச் செய்தவர்கள் திரைக்கதை எழுதியவர்கள் மட்டுமல்லர். விளம்பர இடைவேளைகளும், இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டிய படப்பிடிப்பும், கைக்குழந்தையைக் கேமராவுக்கு முன்னால் எத்தனை நிமிடம் வைத்திருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டமும் சேர்ந்துதான் இந்தக் கதைக்கு இப்போதுள்ள உருவத்தைக் கொடுத்திருக்கின்றன. நல்ல படத்தை அடையாளம் காண நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. குழந்தை யாருடைய இரத்தம் என்பதில் ஆர்வம் காட்டும் படம் பெரும்பாலும் சுமாரானது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போவது யார் என்பதில் ஆர்வம் காட்டும் படம் பெரும்பாலும் நல்லது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்பதற்குச் சற்று விரிவாகப் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை தொலைக்காட்சியைவிட வயதில் மூத்தது. சார்லி சாப்ளின் 1921இல் வெளியிட்ட 'தி கிட்' படத்திலேயே இதன் எல்லா உறுப்புகளும் உள்ளன. குப்பை கொட்டும் சந்தில் கிடக்கும் சிசுவை நாடோடி கண்டெடுக்கிறான். முதலில் அவனுக்குத் தோன்றுவது கருணையன்று, இதை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்பதுதான். வழியில் போகும் பெண்ணின் தள்ளுவண்டியில் வைத்துப் பார்க்கிறான், ஒரு கிழவரின் கையில் திணித்துப் பார்க்கிறான், எதுவும் பலிக்கவில்லை. அடுத்த காட்சியில் காப்பிக் கெண்டியின் மூக்கில் ரப்பர் காம்பைச் செருகிக் கயிற்றில் தொங்கவிட்டுப் பாலூட்டும் கருவி செய்திருக்கிறான். நாற்காலியின் நடுவில் ஓட்டை வெட்டிக் குழந்தைக்கான கழிப்பிருக்கையும் தயார் செய்கிறான். பிற்பாதியில் அநாதை விடுதி அதிகாரிகள் பிள்ளையைப் பறிக்க வருகிறார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முயற்சி, கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் சாமர்த்தியம், பிறகு அரசாங்கம் வந்து "உனக்கு என்ன உரிமை?" என்று கேட்கும் கட்டம் என்ற மூன்றையும் நூறு ஆண்டுகளாக நாம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாப்ளினின் முதல் குழந்தை 1919இல் பிறந்த மூன்றே நாட்களில் இறந்துபோனது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காப்பிக் கெண்டிக் காட்சி வேறு விதமாகத் தெரியும்.

இன்றைய வடிவம் உறுதிப்பட்டது 1980களில். பிரெஞ்சு இயக்குநர் கொலின் செரோ 1985இல் எடுத்த படத்தில், பாரிசில் ஒரே அடுக்ககத்தில் வாழும் மூன்று திருமணமாகாத ஆண்களின் வாசலில் ஒரு பெண் குழந்தை வந்து சேர்கிறது. அந்தப் படம் பிரான்சின் சேசார் விருதைப் பெற்றது. அதையே லியோனார்ட் நிமோய், ஆம், ஸ்டார் டிரெக் தொடரில் ஸ்பாக்காக நடித்தவர்தான், 'த்ரீ மென் அண்ட் எ பேபி' என்று 1987இல் ஆங்கிலத்தில் எடுத்தார். அந்த ஆண்டு வெளியான படங்களில் அமெரிக்கத் திரையரங்குகளில் அதிக வசூல் அதற்குத்தான். மலையாளத்தில் 1990இலும் தமிழில் 1991இலும் இந்தியில் 2007இலும் இதே கரு திரும்ப வந்தது. அதே 1987இன் செப்டம்பரில், மூன்று ஆண்கள் ஒரு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகளை வளர்க்கும் 'ஃபுல் ஹவுஸ்' தொடரை ஏபிசி தொலைக்காட்சி தொடங்கியது. அது 1995 வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. ஒரே பருவகாலத்தில் திரையரங்கிலும் வரவேற்பறையிலும் கரு வெற்றி பெற்றுவிட்டால் தொலைக்காட்சிப் படம் எடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

தொலைக்காட்சிக்கென்றே முழு நீளப் படம் எடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1964இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. 1969இல் ஏபிசி, வாரம் ஒரு புதுப்படம் என்ற திட்டத்தைத் தொண்ணூறு நிமிட ஒதுக்கீட்டில் கொண்டுவந்தபோது, அது அன்றாடத் தொழிலாகவே மாறியது. தொண்ணூறு நிமிடம் என்றால் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய எழுபத்தைந்து நிமிடம். பின்னாளில் ஒதுக்கீடு இரண்டு மணி நேரமாக வளர்ந்தபோதும் விளம்பரமும் கூடவே வளர்ந்தது. திரைக்கதை ஏழு பகுதிகளாக, சில சேனல்களில் ஒன்பது பகுதிகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் வேறு சேனலுக்குப் போய்விட்டாலும் திரும்பி வரும்படி, ஒரு கொக்கி தொங்க வேண்டும். முதல் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும், பார்ப்பவர் கதைக்குள் நன்றாக இறங்கிய பிறகுதான் முதல் விளம்பரம் வரும். ஆகவே, இந்த வகைப் படத்தில் முதல் விளம்பரத்துக்கு முன்பாகவே குழந்தை நாயகனின் கைக்கு வந்துவிட்டிருக்கும். நாயகன் எப்படிப்பட்டவன் என்று நிதானமாகக் காட்ட நேரமில்லை. ஒளிரும் சமையலறை, வெள்ளை சோபா, விலையுயர்ந்த கார், கைப்பேசியில் ரத்தாகும் சந்திப்பு என நான்கு காட்சியில் 'பொறுப்பற்ற, வெற்றிகரமான ஆண்' வரைந்து முடிக்கப்படுகிறான். வெள்ளை சோபாவைப் பார்த்த உடனே அதன் மேல் என்ன கொட்டப்போகிறது என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அவர் அந்த நிமிடத்துக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

பணமும் கதையை எழுதுகிறது. குறுகிய படப்பிடிப்புக் காலத்தில் இடம் மாறுவதுதான் பெருஞ்செலவு. ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஒரு பூங்கா, ஒரு மருத்துவமனை நடைபாதை, இவ்வளவுதான் கட்டுப்படியாகும். நாயகி ஏன் எப்போதும் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாள், அல்லது ஏன் குழந்தை மருத்துவராக இருக்கிறாள் என்று எரிச்சலோடு கேட்பவர்கள், அவளுக்கென்று தனியாக இன்னொரு வீட்டைப் படம்பிடிக்க வேண்டியதில்லை என்ற கணக்கையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட இந்தப் படங்களை அதிகம் கட்டுப்படுத்துவது குழந்தைதான். கதையில் வரும் குழந்தையைச் சொல்லவில்லை, படப்பிடிப்புக்குத் தூக்கிவரப்படும் உண்மையான குழந்தையைச் சொல்கிறேன். கலிபோர்னியா மாநில விதிகளின்படி, பிறந்து பதினைந்து நாள் முதல் ஆறு மாதம் வரையுள்ள சிசு படப்பிடிப்பு இடத்தில் ஒரு நாளில் இருக்கக்கூடிய நேரம் அதிகபட்சம் 2 மணி. அதற்குள் வேலை வாங்கக்கூடியது 20 நிமிடம்தான். அதுவும் காலை 9.30 முதல் 11.30 வரை, அல்லது பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை. 100 ஃபுட் கேண்டிலுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட வெளிச்சத்தில் ஒரே தடவையில் 30 விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. செவிலியரும், படப்பிடிப்பில் பிள்ளைகளின் நலனைக் கண்காணிக்கும் ஸ்டுடியோ ஆசிரியரும் உடன் இருக்க வேண்டும். ஆறு மாதம் நிறைந்துவிட்டால் இந்த 20 நிமிடம் 2 மணி நேரமாகிறது, தளத்தில் தங்கும் நேரம் 4 மணியாகிறது.

இந்த எண்களைத் தெரிந்துகொண்டு அடுத்த படத்தைப் பார்த்தால் பல புதிர்கள் தாமாக விடுபடும். "பிறந்து மூன்று வாரம்தான் ஆகிறது" என்று வசனம் சொல்லும்போது, நாயகனின் மடியில் கழுத்து நன்றாக நின்ற, கண்ணால் ஆளைத் தேடும், கன்னம் உப்பிய ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஆறு மாதத்தைத் தாண்டிய குழந்தையோடுதான் தயாரிப்பாளரால் ஒரு நாள் வேலையைத் திட்டமிட முடிகிறது. ஒரு வேடத்துக்கு இரட்டையரைத் தேடுவதும் இதனால்தான். ஒன்று தூங்கும்போதோ அழும்போதோ மற்றதைத் தூக்கி வரலாம், அனுமதிக்கப்பட்ட நிமிடங்களும் இரு மடங்காகின்றன. 'ஃபுல் ஹவுஸ்' தொடரின் கடைக்குட்டி வேடத்தை ஓல்சன் சகோதரிகள் மாறி மாறி நடித்தது பலருக்குத் தெரிந்த செய்தி. நாயகனின் முதுகுப்புறத்திலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளில் அவன் தோளில் துணியால் சுற்றப்பட்டு அசையாமல் கிடப்பது பெரும்பாலும் பொம்மை. குழந்தை சிரிக்கும் நெருக்கக் காட்சி அவன் பேசும்போது எடுத்ததன்று. கேமராவுக்குப் பக்கத்தில் தாயோ தந்தையோ கிலுகிலுப்பையை ஆட்டியபோது கிடைத்த இரண்டு விநாடியைத் தொகுப்பாளர் பிறகு அந்த இடத்தில் பொருத்தியிருப்பார். சரியான இடத்தில் ஒட்டப்பட்டால், பால்பொடி அளவைப் பற்றி அவன் ஆற்றும் நீண்ட சொற்பொழிவுக்குக் குழந்தை அலட்சியமாக மறுப்புத் தெரிவித்ததுபோல் தோன்றும். இந்த வகையில் மிகச் சிறந்த நகைச்சுவைகள் எழுத்துமேசையில் பிறப்பதைவிடத் தொகுப்பு அறையில்தான் அதிகம் பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

குழந்தை நடிகர்களின் பாதுகாப்புக்கும் 'தி கிட்' படத்துக்கும் தொடர்பு உண்டு. அதில் சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் பெருந்தொகை சம்பாதித்தார். வளர்ந்து பார்த்தபோது தாயும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்து முடித்திருந்தார்கள். 1938இல் வழக்குத் தொடுத்தார், கைக்கு வந்தது சொற்பம். அதன் விளைவாகக் கலிபோர்னியா 1939இல் கொண்டுவந்த சட்டம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்ட பிறகு, பிள்ளையின் ஊதியத்தில் 15 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் பூட்டி வைத்தாக வேண்டும். வளர்ப்புத் தந்தையின் அன்பைக் கொண்டாடிய படத்தின் சிறுவனுக்குச் சொந்த வீட்டிலேயே இப்படி நேர்ந்தது.

இனி நகைச்சுவைக்கு வருவோம். ஆண் டயபர் மாற்றத் தெரியாமல் திணறுவது ஒரு காலத்தில் சிரிப்பை வரவழைத்தது. அதை மட்டுமே நம்பும் படம் இன்று கிழடு தட்டித் தெரிகிறது. காரணம், அந்தச் சிரிப்புக்குக் கீழே 'இது ஆணுக்கு இயல்பாக வராத வேலை' என்ற எண்ணம் கிடக்கிறது. எந்த வேலையும் முதல் நாளில் யாருக்கும் வராது. நாயகன் மூன்றாம் வாரத்திலும் அதே இடத்தில் ஒட்டுநாடாவைத் தலைகீழாகத்தான் ஒட்டுகிறான் என்றால், திரைக்கதைக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல எழுத்தாளர், நாயகன் வேறொன்றில் வல்லவன் என்பதை முதலில் நிறுவிவிட்டு, அந்த வல்லமை குழந்தையிடம் செல்லாமல் போவதை வேடிக்கையாக்குவார். ஒப்பந்தம் பேசுவதில் புலியான வழக்கறிஞன் "இந்த ஒரு கரண்டி மட்டும், அப்புறம் நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று பேரம் பேசுகிறான். எதிரே இருப்பவர் மேசையைத் தட்டி முழுக் கிண்ணத்தையும் அவன் சட்டையில் கவிழ்க்கிறார். பிள்ளை சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பெல்லாம் பூசிக்கொள்வதைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடிவிட்டார். ஒரு மன்னரே தம் செல்வமெல்லாம் இதற்கு ஈடாகாது என்று சொல்லிவிட்ட பிறகு, தொலைக்காட்சிப் படம் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

உண்மையான மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதை ஒரு மாதிரிக் காட்சியால் சொல்கிறேன். இரவு. முதல் பாதியில் இதே காட்சியைப் பதற்றத்தோடு எடுத்திருப்பார்கள்: விளக்கெல்லாம் எரியும், பால்பொடி மேடையெங்கும் சிந்தும், அவன் பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள அறிவுரையைக் குழந்தையின் அலறலுக்கு மேலே உரக்கப் படிப்பான். பிற்பாதியில் அதே சமையலறை, விளக்குப் போடவில்லை. ஒரு கையில் குழந்தை. மறு கை இருட்டில் நேராக அலமாரிக்குப் போகிறது, புட்டியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறான், இரண்டு துளியை மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுச் சூடு பார்க்கிறான், கொட்டாவி விடுகிறான். வசனம் ஒன்றுகூட இல்லை, பின்னணி இசையும் வேண்டாம். அவன் மாறிவிட்டான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கண்ணீர்ப் பேச்சும் சொல்லாது. மனம் உருகிய கணத்தைக் காட்ட எல்லாப் படங்களும் முந்திக்கொள்கின்றன. அவனுடைய கடிகாரம் குழந்தையின் கடிகாரத்தோடு எப்போது இணைந்தது என்பதைக் காட்டும் படங்கள் சிலவே. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்கும். அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொடும், ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இரண்டாம் மாத வாக்கில்தான் வரும். அதாவது, திரும்பக் கிடைப்பது எதுவுமில்லாமல் ஆறேழு வாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படங்கள் முதல் நாளிலேயே சிரிக்கும் குழந்தையைக் கொடுத்து அந்த வறண்ட காலத்தைத் தாண்டிவிடுகின்றன. ஆறு மாதக் குழந்தையை நடிக்க வைக்க வேண்டிய கட்டாயத்தால் நேரும் மிகப் பெரிய பொய் இதுதான்.

அப்படியானால் குழந்தையைக் கவனித்துக்கொள்வதாலேயே ஒருவன் தந்தையாக மாறுகிறான் என்ற மையக் கருத்தும் பொய்யா? இல்லை. பிலிப்பைன்சின் செபு நகரப் பகுதியில் 624 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்ததும், அவர்களிலும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்ததும் அதில் தெரியவந்தது. 2014இல் வெளியான ரூத் ஃபெல்ட்மன் குழுவினரின் மூளைப் படமெடுப்பு ஆய்வு, தாயில்லாமல் குழந்தையைத் தாமே முழுப் பொறுப்பேற்று வளர்க்கும் தந்தையரிடம், தாய்மாரிடம் காணப்படுவதை ஒத்த மூளைச் செயல்பாட்டைக் கண்டது. பாட்டுப் பின்னணியில் குளிப்பாட்டல், தாலாட்டல், தள்ளுவண்டி என்று நாற்பது விநாடி ஓடும் தொகுப்புக் காட்சியைக் கேலி செய்வது எளிது. ஆனால் அது சொல்லவரும் செய்திக்கு உடலியல் ஆதாரம் இருக்கிறது. நாற்பது விநாடி என்பதில்தான் பிரச்சினை.

ஒரு சிறு பொழுதுபோக்கையும் சொல்லிவிடுகிறேன். படம் எந்தக் காலத்தது என்பதைத் தொட்டிலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துப் பஞ்சுப் போர்வையும் கரடி பொம்மையும் சுற்றி அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் 1990களின் தொடக்கத்துக்கு முற்பட்டது. மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல்தான் அறிவுறுத்தியது. தொட்டிலின் ஒரு பக்கம் கீழே இறங்குவதுபோல் இருந்தால் அது 2011க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஆண்டில் அமெரிக்காவில் அவ்வகைத் தொட்டில்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது. இப்போது சிறு குழந்தை வளர்ப்பவரோடு உட்கார்ந்து பழைய படம் பார்த்தால், நகைச்சுவைக் காட்சிகளில் அவர் சிரிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்த வகையின் உண்மையான பலவீனம் தாய். குழந்தை வாசலுக்கு வர வேண்டுமென்றால் தாய் எங்காவது போயாக வேண்டும். பல படங்கள் அவளை முதல் பத்து நிமிடத்தில் விபத்தில் கொன்றுவிடுகின்றன. சில அவளை வேலை வெறி பிடித்தவளாகவோ பொறுப்பில்லாதவளாகவோ காட்டுகின்றன. நாயகன் ஒரு வாரம் பாலூட்டியதற்காகத் தெருவே கைதட்டும்போது, அதே வேலையை ஒன்பது மாதம் சுமந்து பெற்றுத் தனியாகச் செய்தவள் விட்டுச் சென்ற ஒரு கடிதத்தில் சுருங்கிப்போகிறாள். இலகுவான படம்தானே, இதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும், அவள் ஏன் சொல்லவில்லை, ஏன் இப்போது வந்தாள் என்பதற்கு நம்பத்தகுந்த விடை இல்லாவிட்டால், பிற்பாதியில் அவள் திரும்பி வரும்போது அவளை வில்லியாக்குவதைத் தவிர எழுத்தாளருக்கு வேறு வழி இருக்காது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, நீதிமன்றக் காட்சி இல்லாமல் இவற்றில் பாதி முடிவதில்லை என்பதால். திருமணமாகாத தந்தையின் நிலை அமெரிக்காவில் நெடுநாள் மிக மோசமாக இருந்தது. தாய் இறந்தால் பிள்ளைகள், தந்தை தகுதியானவரா என்று விசாரிக்கப்படாமலேயே, அரசின் பொறுப்புக்குப் போய்விடும் என்ற இல்லினாய் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1972இல் ஸ்டான்லி வழக்கில் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஆனால் 1983இல் லேர் எதிர் ராபர்ட்சன் வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொன்னது: இரத்த உறவு ஒருவனுக்கு, பிள்ளையோடு உறவை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பைத் தருகிறது, அந்த வாய்ப்பைப் பயன்படுத்திப் பொறுப்பை ஏற்காதவனுக்கு இரத்தம் மட்டுமே முழு உரிமையைத் தந்துவிடாது. எழுதியவர்கள் படித்தார்களோ இல்லையோ, நல்ல திடீர்த் தந்தைப் படங்கள் எல்லாம் இந்தத் தீர்ப்பின் வாதத்தைத்தான் நடித்துக் காட்டுகின்றன. சுமாரான படங்கள் டிஎன்ஏ பரிசோதனை உறையை உச்சக்கட்டத்தில் வைத்துப் பிரிக்கின்றன. பரிசோதனை விரைவில் முடிந்து தெளிவான விடை தருவது என்பதால் அதைப் பத்தாவது நிமிடத்திலேயே முடித்திருக்கலாம். கதையை இழுப்பதற்காக மட்டுமே உறை மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இன்னும் துணிச்சலான எழுத்தாளர் உறையை நடுவிலேயே பிரித்து, "உன் குழந்தை இல்லை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவன் என்ன செய்கிறான் என்று காட்டுவார்.

அலுவலகத்துக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும் காட்சியும் வெறும் கோமாளித்தனமன்று. 1993ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தந்தைக்கும் 12 வாரம் வரை விடுப்புத் தருகிறது. ஆனால் ஊதியம் கிடையாது, ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களை அது கட்டுப்படுத்துவதும் இல்லை. முக்கியமான கூட்டத்தின் நடுவில் மேசைக்கு அடியிலிருந்து எழும் அழுகைச் சத்தத்துக்கு நாம் சிரிக்கும்போது, அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதைப் படம் ஒரு வரியிலாவது ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள்.

கைக்குழந்தைக்குப் பதிலாக எட்டு, பத்து வயதுப் பிள்ளை பெட்டியோடு வந்து நிற்கும் கிளைக்கதை வேறு ரகம். அந்த வயதுப் பிள்ளையை நாளில் அதிக நேரம் நடிக்க வைக்க முடிவதால் தொலைக்காட்சிக்கு இது வசதி, வசனமும் பேசும். அங்கே ஆபத்து, பெரியவரைவிடப் புத்திசாலியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குத்தல் சொல்லும் பிள்ளை. பத்து ஆண்டு தன்னைத் தேடாத மனிதனிடம் ஒரு பிள்ளை முதலில் வைத்திருக்கக்கூடியது நையாண்டியாக இருக்காது; எதையும் கேட்காத மரியாதை, தன் துணியைத் தானே மடித்துவைக்கும் விருந்தாளித்தனம் இவையாக இருக்கும். அந்த மரியாதை எப்போது உடைந்து முதல் சண்டை வருகிறதோ அப்போதுதான் அவர்கள் குடும்பமாகிறார்கள். அந்தச் சண்டையைக் காட்டாமல் முதல் நாளிலிருந்தே குத்தல் பேசவிடும் படத்தை நான் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம்.

முடிவுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்யாணத்தில் முடியும் படங்கள் எனக்கு ஏமாற்றமாக இருப்பதற்குக் காரணம், கல்யாணம் அந்த மனிதனைக் காப்பாற்றிவிடுகிறது. இனி எழுந்து போக இன்னொருத்தி இருக்கிறாள். செரோவின் பிரெஞ்சுப் படத்தில் தாய் திரும்பி வந்து குழந்தையைக் கொண்டுபோகிறாள், ஆண்கள் மூவரும் நிலைகொள்ளாமல் தவிக்கிறார்கள்; பிறகு அவள் வேலைக்கும் குழந்தைக்கும் நடுவில் ஓய்ந்துபோய் மறுபடி அந்தக் கதவையே தட்டுகிறாள். அங்கே யாரும் யாரையும் காதலிக்கத் தொடங்குவதில்லை. களைத்துப்போன ஒருத்தி, வேலை பழகிவிட்ட மூவரிடம் உதவி கேட்கிறாள், அவ்வளவுதான். ஹாலிவுட் மறுஆக்கமும் கதையின் இந்தத் திருப்பத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரே வீட்டில் குடியேற்றியது. 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான், எதிர்பார்த்ததுபோலவே, கல்யாணத்தைக் கொண்டுவந்து நுழைத்தார்கள்.